பதினான்காம் எண் வீட்டுக்கு ஒரு சாட்சி

எதிர்வீட்டை விசாரிக்க வந்தவர், அரை மணி நேரத்தில் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பின்பக்கக் குழாயடியில் பதினாறு பாத்திரம் கிடக்கிறது, காபி வடிகட்டியைத் தனியாக எண்ணினால் பதினேழு. அரை மணியில் முடிந்துவிடும். முடித்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய், "அந்த ஆளு இங்க இல்லீங்க" என்று சொன்னால் போதும். நாலே சொல். சொல்லுக்கு ஒரு இட்லித் தட்டாகத் தேய்க்கிறேன். அந்த. ஆளு. இங்க. இல்லீங்க. நாலாவது தட்டின் குழிகளில் மாவு காய்ந்து ஒட்டியிருக்கிறது, நகத்தால் சுரண்ட வேண்டியிருக்கிறது. டில்லிபாபு, உன் நிரந்தர வேலை இந்தக் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது என் நகத்துக்கு அடியில் இருக்கிறது. குழாயைத் திறந்தால் சாக்கடையோடு போய்விடும். நான் இன்னும் குழாயைத் திறக்கவில்லை.

வந்தவர் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. ஐம்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினார், அதற்குள்ளிருந்து மூக்குக் கண்ணாடியின் கயிறு தொங்கியது. நான் வாசலில் வேப்பம்பூவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். "ஏம்மா, எதிர்ல பதினாலாம் நம்பர் பூட்டியிருக்கே, எங்க போயிருக்காங்க?" என்றார். "அந்தம்மா சின்னப் பொண்ணு பிரசவத்துக்கு ராணிப்பேட்டை போயிருக்காங்க சார், முந்தாநாள் ராத்திரி போன் வந்து அடிச்சுப் புடிச்சுக் கிளம்புனாங்க" என்றேன். "டில்லிபாபுன்னு அவங்க மருமகன், இங்கதான குடியிருக்காரு?" விளக்குமாறு தானாக நின்றுவிட்டது. மூன்று மாதமாக அந்தப் பெயரை நான் எனக்குள் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறொருவர் வாயிலிருந்து அது வந்ததும், யாரோ என் டிபன் பாக்ஸைக் கேட்காமல் திறந்துவிட்டதுபோல் இருந்தது. அவர் பொறுமையாக விளக்கினார். டில்லிபாபு இத்தனை நாள் காண்ட்ராக்டரின் ஆள். இப்போது அந்தக் கம்பெனியே அவரை நேரடியாக எடுத்துக்கொள்ளப்போகிறது, கட்டடம் முழுவதன் துப்புரவுக்கும் பொறுப்பாக. எடுப்பதற்கு முன், எழுதிக் கொடுத்த விலாசத்தில் ஆள் இருக்கிறாரா என்று பார்த்து எழுத வேண்டும், அதுதான் இவர் வேலை. போன் போட்டால் அணைந்திருக்கிறதாம். அணைந்துதான் இருக்கும். உள்ளே போகும்போது வேலைக்காரர்களின் போனையெல்லாம் வாங்கி லாக்கரில் போட்டுவிடுவார்கள், ஒரு மணிச் சாப்பாடு வரைக்கும் அவனை யாரும் பிடிக்க முடியாது. "இன்னிக்கே ரிப்போர்ட் போகணும்மா. அக்கம்பக்கத்துல ஒருத்தர் சொன்னாப் போதும். நீங்க தினம் வர்றவங்களா?" "காலைல ஏழுலேர்ந்து பன்னண்டு வரைக்கும் இங்கதான் சார்." "அப்ப நீங்களே சொல்லலாம். இருந்தா இருக்காருன்னு சொல்லுங்க. இல்லேன்னா தைரியமா இல்லேன்னு சொல்லுங்க, யாரு சொன்னாங்கன்னு பேரு போடமாட்டோம். உங்களுக்கு எதுக்கு வம்பு." பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, "இதே வீட்டு நம்பர்ல இன்னும் ஆறு லேடீஸ் லிஸ்ட்ல வர்றாங்க. இவருது சரியா இருந்தா அதெல்லாம் போன்லயே முடிச்சிருவேன். இல்லேன்னா ஒவ்வொண்ணா தோண்டணும்" என்றார். "பாத்திரம் போட்டது போட்டபடி கெடக்கு சார், முடிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றேன். அடுத்த தெருவில் மூன்று விலாசம் பார்க்க வேண்டும் என்று வண்டியைக் கிளப்பினார்.

ஏன் அப்போதே சொல்லவில்லை? குக்கரின் உள்பக்கம் பருப்பு பொங்கி மஞ்சளாகப் படிந்திருக்கிறது. ரப்பர் வளையத்தைக் கழற்றித் தனியாக வைக்கிறேன், அதை உடனே கழுவாவிட்டால் நாற்றம் பிடித்துவிடும். ஏன் சொல்லவில்லை என்றால், மூன்று மாதம் வாயில் வைத்திருந்ததை ஒரு விநாடியில் துப்ப மனசு வரவில்லை. கொஞ்சம் சுவைக்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். பதினான்கு, பெருமாள் கோயில் மூன்றாவது சந்து, சைதாப்பேட்டை. எனக்கும் அதுதான் விலாசம். நாலு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனிக் கட்டடத்தில் துடைக்கும் வேலையில் சேர்ந்தபோது, எங்கள் சூப்பர்வைசர் டில்லிபாபுதான் அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தான், பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பதுபோல. நிஜமாக நாங்கள் எல்லோரும் இருப்பது ஊருக்கு வெளியே, சித்தேரி ஹவுசிங் போர்டு குடியிருப்பில். "சித்தேரின்னு சொன்னியா, பேனாவ மூடி வச்சிருவாங்க அமுலு. போர்டு வூட்டு ஆளுங்கன்னா திருடுன்றான், குடின்றான், கேஸுன்றான். நாமளும் அங்கதான கீறோம், நமக்குத் தெரியாதா? பதினாலுன்னு சொல்லு. என் மாமியா வூடு. யாரு கேட்டாலும் தூக்கத்துலகூட அதான் வரணும்." நான் எழுதியது பதினான்கு பை இரண்டு. மேகலா எழுதியது பதினான்கு ஏ. இன்னொருத்தி பின்கட்டு, இன்னொருத்தி மொட்டைமாடி அறை. காகிதத்தில் அந்த வீட்டுக்கு மூன்று மாடி இருந்தது. நேரில் ஒரே ஓர் அறையும், தகரம் போட்ட ஒரு சமையல்கட்டும்தான். வேலை போன பிறகு ஒருநாள் காரணமே இல்லாமல் பஸ் ஏறி இங்கே வந்தேன். என் விலாசம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. மாடி இல்லை. நான் குடியிருந்த மாடி இல்லை. எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த வீட்டம்மா கேட்டைத் திறந்து, "வேலைக்கு ஆள் வரச் சொல்லியிருந்தேனே, நீதானா?" என்றார்கள். வேறு யாரையோ எதிர்பார்த்திருந்தார்கள். நான்தான் என்று சொல்லிவிட்டேன். அந்த வேறு யாரோ ஒருத்தி அன்றைக்கு வந்து, கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பாள். அவளும் என்னைப் பற்றி இப்படி நினைத்துக்கொண்டு எங்கேயோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாளோ? இல்லை, அது வேறு. அவளை எனக்குத் தெரியாது. டில்லிபாபுவுக்கு என்னைத் தெரியும்.

தெரியும், என் குரல்கூடத் தெரியும், எட்டாவது மாடியில் யார் பாடிக்கொண்டே துடைக்கிறார்கள் என்று கீழிருந்தே சொல்லிவிடுவான். அந்த நாளை நான் யோசிக்க மாட்டேன் என்றுதான் ஒவ்வொரு முறையும் தொடங்குவேன். மிக்ஸி ஜாரின் அடியில் தேங்காய்ச் சக்கை சிக்கியிருக்கிறது, பிளேடைச் சுற்றி விரலை விடக்கூடாது, குச்சியால் எடுக்க வேண்டும். ஒரு பெரிய அதிகாரியின் போன் காணவில்லை என்றார்கள். துடைக்கிற பெண்கள் ஏழு பேரையும் காபி போடும் பான்ட்ரி அறையில் சுவரோரமாக நிற்க வைத்தார்கள். காபி இயந்திரம் உஸ் உஸ் என்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. செக்யூரிட்டித் தலைவர் எங்கள் பையையெல்லாம் மேஜைமேல் கொட்டினார். சீப்பு, சாப்பாட்டு டப்பா, மாத்திரை, மேகலாவின் பையிலிருந்து உடைந்த வளையல் துண்டு. போன் இல்லை. அப்புறம்தான் கேட்டார், திட்டக்கூட இல்லை, மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டார்: "இதுல சித்தேரி போர்டு ஆளு யாரு?" ஏழு பேரும் சித்தேரி. எட்டாவதாகக் கையில் சாவிக்கொத்தோடு நின்ற டில்லிபாபுவும் சித்தேரி. நாற்பத்திரண்டாவது பிளாக், தரைத்தளம், வாசலில் கோழிக்கூடு.  காபி இயந்திரம் மட்டும் உஸ் என்றது. அப்போது டில்லிபாபு சொன்னான், "சார், இந்த அமுலு மட்டும்தான் அந்தப் பக்கம். மத்தவங்க எல்லாம் சைதாப்பேட்டை." என் பக்கத்தில் மேகலா நின்றாள். ஐந்து வயதிலிருந்து தெரிந்தவள். ஆற்றோரத்துக் குடிசைகளைப் பிரித்து எங்களை லாரியில் ஏற்றியபோது ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து வந்தவள். அவள் தன் காலை நகர்த்தினாள். ஒரு டைல் தள்ளி வைத்தாள். அந்த டைலை அன்று காலையில் நான்தான் துடைத்திருந்தேன், அவள் கால் அதில் தெரிந்தது.

அன்றைக்கே என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்துப் போன் அந்த அதிகாரியின் காரிலேயே, சீட்டுக்கு அடியில் கிடைத்துவிட்டதாம். மேகலாதான் சொல்லி அனுப்பினாள், நேரில் வரவில்லை. என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. எதற்குக் கூப்பிட வேண்டும்? போன் எடுத்ததற்காக என்னை அனுப்பவில்லையே, பொய் விலாசம் கொடுத்ததற்காகத்தானே. அதுவும் சரிதான். பொய் விலாசம்தான். உண்மை விலாசம் கொடுத்திருந்தால் சேர்த்தே இருக்க மாட்டார்கள் என்பதைத் தவிர. அதற்கப்புறம் உண்மையையே சொல்லிப் பார்ப்போம் என்று ஒரு வீம்பு வந்தது. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, ஒரு பெரிய கடையில் துணி மடிக்கும் வேலை, ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. எல்லா இடத்திலும் பெயருக்கு முன்னால் ஏரியாவைத்தான் கேட்டார்கள். "சித்தேரியா? அங்கேர்ந்து ஆறு மணிக்கு எப்படிம்மா வருவீங்க?" என்று அக்கறையாகக் கேட்டாள் ஒரு பெண். அதுவும் உண்மைதான். முதல் பஸ்ஸே ஐந்தரைக்குத்தான், அதுவும் வந்தால். கம்பெனி வேன் எங்கள் பக்கம் உள்ளே வராது, மெயின் ரோட்டில் வசதியானவர்களின் அடுக்குமாடி வீடுகளுக்கு எதிரே நிற்கும். டிரைவருக்கு ஏறும் இடம்தான் தெரியும், காகிதத்தில் இருக்கும் சைதாப்பேட்டை தெரியாது. அதனால் நாங்கள் இருட்டில் முள்செடிகளுக்கு நடுவே முக்கால் மைல் நடந்து, சேற்றுச் செருப்பைப் பையில் போட்டுவிட்டு வேறு செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த அடுக்குமாடியிலிருந்து இறங்கி வந்தவர்கள்போல நிற்போம். டில்லிபாபுவும் நிற்பான். அவன் மட்டும் சற்றுத் தள்ளி, எங்களைத் தெரியாதவன்போல. இஸ்திரி மடிப்புக் கலையாமல். ஸ்கூல் பஸ் வேலைக்குக் கேட்ட பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள், கூப்பிடுகிறோம் என்றாள். கூப்பிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். அந்தச் சிரிப்புக்கும் டில்லிபாபுதான் பதில் சொல்ல வேண்டும். பணம் கட்ட முடியாமல் ஸ்கூல் வேனை நிறுத்திவிட்டு இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கு நடக்கும் என் மகளின் காலுக்கும்.

அண்டாவைக் கவிழ்த்து அடியைத் தேய்க்கிறேன். கரி. தேய்த்தால் போகும், நாளைக்கு மறுபடி வரும். ஒருநாள் பஸ்ஸில் அவனைப் பிடித்தேன். கூட்டம், நகர இடமில்லை, அவனால் தப்பிக்க முடியவில்லை. "ஏன் டில்லிண்ணா? ஏழு பேருல நான்தானா கெடச்சேன்?" கம்பியைப் பிடித்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு சொன்னான், "ஒருத்தர கொடுத்தா ஆறு பேரு நிக்கும் அமுலு. யாருமே இல்லன்னு சொன்னா அவன் எல்லா விலாசத்தையும் தோண்டுவான். ஏழும் பூடும். நானும் பூடுவேன். நீ அந்த வாரம் ரெண்டு நாளு லேட்டு. உன் பேருதான் வாய்ல வந்துச்சு. இன்னா பண்ண சொல்ற?" அதில் எனக்கு எங்கே வலிக்கிறது என்று அப்போது தெரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, மூன்று மாடி ஏறி, கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அவன் சொன்னது ஞாயமாக இருந்தது. எனக்கு அநியாயம் செய்தவன் ஞாயமாகப் பேசினான், அதுதான். அவன் பொறுக்கியாக இருந்திருந்தால், என்னிடம் எதையாவது எதிர்பார்த்துக் கிடைக்காமல் செய்திருந்தால், நான் நாலு பேர் எதிரில் செருப்பைக் கழற்றியிருப்பேன், அன்றைக்கே ஆறிப்போயிருக்கும். ஞாயத்தை எந்தச் செருப்பால் அடிப்பது? இப்போது கணக்குச் சரியாகப்போகிறது, டில்லிண்ணா. நீ ஒருத்தியைக் கொடுத்து ஏழு பேரை நிறுத்தினாய். நான் ஒருவனைக் கொடுக்கிறேன், ஏழு பேரும் விழட்டும். மேகலாவும் விழட்டும். காலை நகர்த்தினாளே, இப்போது எங்கே நகர்த்துவாள்? பதினான்கு ஏ. அந்த "ஏ" என்ற எழுத்தை எழுதத் தெரியாமல் என்னிடம்தான் எழுதி வாங்கினாள். என் கையெழுத்துதான் அங்கே இருக்கிறது. அதைத்தான் தோண்டப்போகிறார்கள். அவளுக்கு இரண்டு பையன், புருஷன் போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடக்கிறான். தெரியும். நான்தான் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கூட இருந்தேன். தெரிந்தால் என்ன? எனக்கும் வீடு இருந்தது, எனக்கும் வயிறு இருந்தது, அவளுக்கு அது தெரியாதா? கம்பி நார் விரலில் குத்திவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் சோப்பு நுரையில் விழுந்து இளஞ்சிவப்பாகப் பரவுகிறது. கொஞ்சம் அழகாகக்கூட இருக்கிறது.

"அமுலு, யாரு அது வாசல்ல? ரொம்ப நேரம் பேசிட்டிருந்தே?" வீட்டம்மா சாவித்திரி அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து கேட்கிறார்கள். "எதிர்வீட்டுக்கு வந்தவரும்மா. பூட்டியிருக்கேன்னு கேட்டாரு." "என்னவாம்?" "மருமகன் இருக்காரான்னு." "அந்த வீட்ல மருமகன் குடியிருக்கானா என்ன? நான் பார்த்ததே இல்லியே" என்கிறார்கள்.  பார்த்ததில்லை. அவ்வளவுதான் வேண்டியது. சாவித்திரி அம்மாவைக் கேட்டாலே போதும், நான் சொல்லக்கூட வேண்டாம். "பால் பாத்திரம் அடிப்பிடிச்சிருக்கு, பார்த்துத் தேய். போன தடவ கோடு கோடா விட்டுட்ட." "சரிம்மா." "நீ எங்க இருக்கேன்னு சொன்னே, வேளச்சேரிதானே? என் தம்பி வீட்டுக்கும் ஆள் கேட்டாங்க, அந்தப் பக்கம்தான்." "வேளச்சேரி தாண்டிம்மா" என்கிறேன். தாண்டி. எவ்வளவு தாண்டி என்று அவர்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. ஆறு கிலோமீட்டர் தாண்டி. ஒரு நாள் கேட்பார்கள். அன்றைக்கு இந்தக் குழாயடியும் போகும். ஒரு வேலை கிடைப்பதற்குள் எத்தனை பொய்யைச் சொல்ல வேண்டியிருக்கிறது, கிடைத்த பின் அதைக் காப்பாற்ற எத்தனை பொய். பொய்யைத் துடைப்பதற்கென்று தனியாக ஓர் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும்போல.

பால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் ஊற வைக்கிறேன். ஊறட்டும். ஒரு மணி ஆகும்போது டில்லிபாபு சாப்பாட்டுக்கு வெளியே வருவான். லாக்கரைத் திறப்பான். இன்றைக்குச் சாயங்காலமே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்கள், நீங்கள் கொடுத்த விலாசத்தில் நீங்கள் இல்லை என்று. அவன் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். இங்கேதான் ஒவ்வொரு முறையும் சிக்குகிறது. முகம் வருகிறது, அதில் அதிர்ச்சி வருகிறது, வியர்வை வருகிறது, ஆனால் அந்தக் கண்ணில் நான் இல்லை. அவன் என்னை நினைக்க மாட்டான். மாமியாரைத் திட்டுவான், பிரசவத்தைத் திட்டுவான், ராணிப்பேட்டையைத் திட்டுவான். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு எழுதிவிட்டார்கள் என்று நினைப்பான். நாலு நாள் தாடி விடுவான். அப்புறம் வேறு காண்ட்ராக்டர், வேறு கட்டடம், தாம்பரத்திலோ குன்றத்தூரிலோ வேறு ஒரு மாமியார் வீடு. யாரு சொன்னாங்கன்னு பேரு போடமாட்டோம். எவ்வளவு நல்ல மனிதர், எனக்கு வம்பு வரக்கூடாது என்று நினைக்கிறார். எனக்கு வம்புதான் சார் வேண்டும். நான் சொன்னேன் என்று அவனுக்குத் தெரியாவிட்டால் நான் சொல்லி என்ன? பான்ட்ரியில் என் பெயரைச் சொன்னானே, பேர் போட்டுத்தானே சொன்னான்? அமுலு என்று அந்த மூன்று எழுத்தையும் சொல்லித்தானே கையைக் காட்டினான்? நானே அவனுக்குப் போன் போட்டுச் சொல்லலாம். நான்தான்டா சொன்னேன் என்று. சொன்னால்? வேலை போனவனுக்கு இன்னொரு வசவு கூடினால் என்ன, குறைந்தால் என்ன? நாற்பத்திரண்டாவது பிளாக் வாசலில் உட்கார்ந்து, போர்டு பொம்பளைங்க புத்தியே இப்படித்தான் என்று ஊருக்கெல்லாம் சொல்வான். அந்த வாசகத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், வேறு ஆட்கள் சொல்லி. ஊறியிருக்கும். பாலின் கருகிய தோல் ஓரத்தில் கிளம்பியிருக்கிறது. மெதுவாக, நகம் படாமல், விரல் நுனியால் பிடித்து இழுக்கிறேன். முழுசாக வருகிறது, வட்டமாக, கிழியாமல். இதற்குத்தான் ஊற வைப்பது. கோடு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சொல்லப்போகிறேன். தெரியாவிட்டால் போகட்டும். விழட்டும். விழும் சத்தம் என் காதில் கேட்டால் போதும்.

வண்டிச் சத்தம். பதினாறு பாத்திரமும் கவிழ்த்தாயிற்று, வடிகட்டி மட்டும் பாக்கி. அதை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போகிறேன். இந்த முறை ஹெல்மெட்டைக் கழற்றியிருக்கிறார், நெற்றியைச் சுற்றிச் சிவப்பாகக் கோடு. வேப்ப மரத்து நிழலில் வண்டியை நிறுத்தி, சீட்டின் மேலேயே தாளை வைத்து எழுதத் தயாராக இருக்கிறார். "சொல்லுங்கம்மா. இருக்காரா, இல்லியா?" நாலு சொல்லும் வாய்க்குள் வரிசையாக நிற்கிறது. முதல் சொல் பல்லுக்குப் பின்னால். "சார், இல்லேன்னு சொன்னா நான் சொன்னேன்னு அவருக்கு நெசமாலுமே தெரியாதா?" "எந்தக் காலத்துலயும் தெரியாது. விசாரித்ததில் குடியிருக்கவில்லைன்னு ஒரு வரி, அவ்ளோதான்." "இருக்காருன்னு சொன்னா?" அவர் பேனாவால் காதைச் சொறிகிறார். "இருக்காருன்னா சாட்சி வேணுமில்ல? உங்க பேரு, போன் நம்பரு, கையெழுத்து. அந்தக் கதவு முன்னாடி உங்கள நிக்க வச்சு ஒரு போட்டோ. கம்பெனிக்கு ஒண்ணு போகும், அவருக்கும் ஒரு காப்பி உடனே போகும். மதியம் போனத் திறந்தார்னா மொதல்ல அதான் நிக்கும்." மொதல்ல அதான் நிக்கும். வேப்பம்பூ ஒன்று தாளின் மேல் விழுகிறது, அவர் ஊதிவிடுகிறார். ஒரு மணி. லாக்கர். ஈரக் கையை இஸ்திரி போட்ட பேன்ட்டில் துடைத்துக்கொண்டு போனைத் திறக்கிறான். அவனுடைய நிரந்தர வேலையின் முதல் பக்கத்தில், அவன் மாமியார் கதவுக்கு முன்னால், நான். கம்பெனியில் இந்தத் தாளைப் பார்க்கப்போகிற வேறு யாருக்கும் என்னைத் தெரியாது, நாலு வருஷம் அவர்கள் மேஜையைத் துடைத்தேன், ஒருவரும் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்ததில்லை. அவனுக்கு மட்டும் தெரியும். சாப்பாடு இறங்காது. இன்றைக்கு மட்டும் இல்லை. என் ஒரு போன் போதும், சார் நான் அன்னிக்குச் சொன்னது பொய் என்று, எந்த மாதம் வேண்டுமானாலும், எந்த வருஷம் வேண்டுமானாலும். விழுந்தால் ஒருநாள் சத்தம். விழாமல் விளிம்பில் நின்றால்? இன்றைக்குச் சாயங்காலமே எண்பத்தாறாவது பிளாக்கில் என் வீட்டுக்கு வருவான், மூன்று மாடி ஏறுவான், கதவைத் தட்டுவான். நான் உடனே திறக்க மாட்டேன். திறந்த பிறகு வேலை கேட்கவும் மாட்டேன். எட்டாவது மாடி, முதல் ஷிப்ட், நாளையிலிருந்து என்று சொல்வேன், அவன் தலையாட்டுவான். மேகலாவின் பக்கத்திலேயே நின்று துடைப்பேன். ஒரு வார்த்தை பேசாமல் துடைப்பேன், அவளுக்கு யார் போட்ட கையெழுத்தில் வேலை நிற்கிறது என்று அவளாக வந்து கேட்கும்வரை.

"இருக்காரு சார்" என்கிறேன். குரல் எனக்கே புதிதாக இருக்கிறது, தெளிவாக இருக்கிறது. "காலைல அஞ்சே முக்காலுக்கெல்லாம் கிளம்பிடுவாரு, ஞாயித்துக்கெழமைதான் நான் பாப்பேன், அதான் தெருவுல யாருக்கும் சரியாத் தெரியாது. நல்ல மனுசன். கூட வேல செய்யறவங்கன்னா உசிரு. யாரையும் விட்டுக் கொடுக்க மாட்டாரு. அதையும் எழுதிக்குங்க சார்." "அதுக்கெல்லாம் இடமில்லம்மா" என்று சிரித்துக்கொண்டே எழுதுகிறார். நான் என் பெயரை முழுதாக எழுதுகிறேன், கோடு தாண்டாமல். தெருவைக் கடந்து அந்தக் கதவுக்கு முன்னால் போய் நிற்கிறேன். பச்சைப் பெயின்ட் உரிந்திருக்கிறது, பூட்டு வெயிலில் சுடுகிறது. அவர் போனை உயர்த்துகிறார், ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார், பிறகு கீழே இறக்குகிறார்.

"சிரிக்காதீங்கம்மா. ஆபீஸ் போட்டோ."

"நான் சிரிக்கலியே சார்."

"பல்லு தெரியுதே."

"தெரியட்டும் சார். எடுங்க."